கபோரா பண்ணையின் கைராசிக்காரி: தெரேசா உர்ரேயா (1873–1906)

1892-ஆம் ஆண்டு மே மாதம். மெக்சிகோ நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள சோனோரா மாநிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணைக்கு அரசுப் படை வந்து இறங்கியது. அவர்கள் தேடி வந்தது கொள்ளைக்காரனை அல்ல, கலகத் தலைவனையும் அல்ல. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியை. அவரையும் அவருடைய தந்தையையும் பிடித்துக் குவைமாஸ் துறைமுக நகரத்திற்குக் கொண்டு சென்று, பிறகு எல்லைக்கு அப்பால் அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். அந்தப் பெண் மறுபடி பண்ணைக்குத் திரும்பவே இல்லை.

அப்படி என்ன குற்றம் செய்தார்? நோயாளிகளைத் தொட்டு வைத்தியம் பார்த்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. இந்த இரண்டைத் தவிர உறுதியாகச் சொல்லத்தக்க குற்றம் எதையும் வரலாற்றாசிரியர்கள் அவர் மேல் காட்டவில்லை. ஆனாலும் துப்பாக்கியும் ரயிலும் தந்தியும் கையில் வைத்திருந்த ஓர் அரசாங்கம் அவரைக் கண்டு பயந்தது. அந்தப் பயத்தின் கதைதான் இந்தக் கட்டுரை. தெரேசா என்றதும் நமக்கெல்லாம் கல்கத்தாவின் அன்னை தெரேசாதான் நினைவுக்கு வருவார். இவர் வேறு, காலமும் வேறு.

பண்ணையில் ஒரு பிறப்பு

அன்றைய மெக்சிகோவில் பெரிய பண்ணை என்பது ஒரு குட்டி ராஜ்யம் மாதிரி. முதலாளியின் பெரிய வீடு நடுவில். சுற்றிலும் தொழுவம், குதிரை லாயம், கிணறு, சோள வயல். சற்றுத் தள்ளி வேலைக்காரர்களின் குடிசைகள். முதலாளியை ‘பத்ரோன்’ என்பார்கள். கூலி, கடன், கல்யாணம், வழக்கு எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். பெரும்பாலான வேலைக்காரர்கள் அந்த மண்ணின் பழங்குடி மக்கள். முதலாளி கடையில் பட்ட கடன் தலைமுறை தலைமுறையாகத் தீராமல், பண்ணையை விட்டுப் போக முடியாதபடி பலர் கட்டுண்டு கிடந்தார்கள்.

சினலோவா மாநிலத்தில் ஒகொரோனி என்ற ஊருக்கு அருகில் இப்படியொரு பண்ணையில் 1873 அக்டோபர் 15-ஆம் தேதி தெரேசா பிறந்தார். கத்தோலிக்க நாட்காட்டியில் அது ஆவிலா நகரத்துப் புனித தெரேசாவின் திருநாள். தாய் கயெதானா சாவெஸ், தெஹுவேகோ என்ற பழங்குடியைச் சேர்ந்த, ஏறத்தாழப் பதினான்கு வயதே ஆன பெண். தந்தை தொமாஸ் உர்ரேயா, அந்தப் பண்ணையின் முதலாளி. அவருக்கு முறைப்படி மணந்த மனைவி இருந்தார். பண்ணைப் பெண்கள் வேறு சிலரிடமும் அவருக்குப் பிள்ளைகள் இருந்தனர். இது அந்தக் காலத்தில் யாரும் மூக்கில் விரல் வைக்கும் விஷயமாக இல்லை. முதலாளியின் பிள்ளை என்று ஊருக்கெல்லாம் தெரியும், ஆனால் பெரிய வீட்டு வாசல்படி ஏற முடியாது. பிறந்தபோது தெரேசாவுக்கு வாய்த்த குடும்பப் பெயர் உர்ரேயா இல்லை, தாயின் சாவெஸ்தான்.

தொமாஸ் அரசியலில் தோற்ற பக்கம் நின்றவர். போர்ஃபிரியோ தியாஸ் 1876-இல் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, சினலோவாவில் இருப்பது சரிப்படாது என்று 1880-இல் ஆள், மாடு, குதிரை, தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றோடும் வடக்கே சோனோராவுக்குப் பெயர்ந்தார். அங்கே உர்ரேயா குடும்பத்திற்குக் கபோரா உட்படச் சில பண்ணைகள் இருந்தன. கூடவே வந்த வேலைக்காரக் குடும்பங்களோடு ஏழு வயது தெரேசாவும் வந்தார். கபோராவில் அல்ல, பக்கத்தில் இருந்த அகிவிகிச்சி என்ற பண்ணையின் குடிசை ஒன்றில் வளர்ந்தார். குதிரை ஏறக் கற்றுக்கொண்டார். கிதார் வாசித்துப் பாடுவார் என்றும் சொல்வார்கள். தாய் கயெதானாவைப் பற்றி எழுத்தில் கிடைப்பது மிகவும் குறைவு. ஏழைப் பெண்களின் வாழ்க்கையை யார் எழுதி வைத்தார்கள்?

வீலாவின் மாணவி

பதினைந்து, பதினாறு வயதில் தெரேசாவின் வாழ்க்கை திசை மாறியது. தந்தை அவரைத் தன் மகள் என்று ஏற்றுக் கபோராவின் பெரிய வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். உர்ரேயா என்ற பெயரும் வந்தது. அந்த வீட்டின் சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருந்தவர் ஒரு முதிய பழங்குடிப் பெண். மரியா சோனோரா என்று பெயர், எல்லாரும் கூப்பிட்டது வீலா என்று. வீட்டு நிர்வாகம் ஒரு பக்கம், மறுபக்கம் அவர்தான் அந்த வட்டாரத்தின் வைத்தியச்சி. ஸ்பானிய மொழியில் இப்படிப்பட்டவரைக் ‘குரந்தேரா’ என்பார்கள்.

குரந்தேராவின் தொழில் என்ன என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். சூனியக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. பழங்குடி மூலிகை அறிவும், ஸ்பானியர் கொண்டு வந்த ஐரோப்பிய நாட்டு வைத்தியமும், கத்தோலிக்க ஜெபமும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கலந்து உருவான ஒரு மருத்துவ மரபு அது. அதற்குள்ளேயே பிரிவுகள் உண்டு. மூலிகை தருபவர் ஒருவர். பிரசவம் பார்ப்பவர் ஒருவர். நீவி விட்டுச் சுளுக்கும் வயிற்றுக் கோளாறும் எடுப்பவர் ஒருவர். ஒரே கை எல்லாவற்றையும் செய்வதும் உண்டு. வீலா அப்படிப்பட்டவர்.

அவர்கள் சொல்லும் நோய்களின் பெயர்களைக் கேட்டால் நமக்கு அதிகம் விளக்கம் தேவைப்படாது. ‘மல் தே ஓஹோ’ என்றால் கண்ணேறு. குழந்தையின் வயிற்றில் உணவு சிக்கிக்கொள்வதை ‘எம்பாச்சோ’ என்பார்கள், நம் கிராமங்களில் தொக்கம் என்று சொல்வதற்கு மிக நெருக்கமானது. ‘சுஸ்தோ’ என்பது பயந்துபோய் வரும் கோளாறு. திடீர் அதிர்ச்சியில் உயிரின் ஒரு பகுதி உடலை விட்டு விலகிவிட்டது என்று நம்பி, அதைத் திரும்ப அழைப்பார்கள். சீமைச் சாமந்திப் பூக் கஷாயம், புதினா, சதாப்பு இலை, பாலைவனத்துப் புதர்களின் இலைகள், இவையெல்லாம் வீலா போன்றவர்களின் மருந்துப் பெட்டி. உடம்பின் மேல் முட்டையை உருட்டித் தீங்கை இறக்குவதும் உண்டு.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அதை அவர்கள் ‘தொன்’ என்கிறார்கள். கடவுள் கொடுத்த வரம் என்று பொருள். மூலிகையை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், ஆனால் சிலர் தொட்டால்தான் குணமாகும் என்பது நம்பிக்கை. நம் பேச்சில் ‘டாக்டர் நல்ல கைராசிக்காரர்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அது. தொன் உள்ளவர் அதற்கு விலை வைக்கக் கூடாது. வரமாக வந்ததை விற்க முடியாது என்பது எழுதாத சட்டம். பிற்காலத்தில் தெரேசாவின் வாழ்க்கையை அலைக்கழித்த கேள்விகளில் இது முக்கியமானது என்பதால் வாசகர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வீலாவோடு தெரேசா குடிசை குடிசையாகப் போனார். எந்தச் செடி எந்த மாதத்தில் பறிக்க வேண்டும், பிரசவத்தில் குழந்தை திரும்பவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று பழகினார். வலியில் துடிக்கும் பெண்ணின் கண்ணை நேராகப் பார்த்து அவர் பேசினால் வலி தணிந்துவிடும் என்ற பேச்சு அப்போதே பரவியதாகச் சொல்வார்கள். ஆக, பின்னாளில் ஊரே வியந்த கைக்குப் பின்னால் ஒரு குருவும் ஒரு பயிற்சியும் இருந்தன. ‘திடீர் அற்புதம்’ என்று எழுதியவர்கள் பலர் வீலாவை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

1889: மயக்கமும் விழிப்பும்

1889-இல் தெரேசாவுக்கு வலிப்பு போன்ற ஒரு கோளாறு கண்டது. உடல் விறைத்து, நினைவு தப்பிக் கிடந்தார். எத்தனை நாள் என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. நாடி அடங்கிவிட்டது என்று எண்ணி மெழுகுவர்த்தி ஏற்றி, சவப்பெட்டியும் செய்து வைத்து, பெண்கள் சுற்றி அமர்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில் எழுந்து உட்கார்ந்தார் என்பது மரபுவழிக் கதை. பெட்டியை எடுத்துப் போக வேண்டாம், இன்னும் மூன்று நாளில் அது தேவைப்படும் என்றாராம். மூன்றாம் நாள் வீலா இறந்தார், அந்தப் பெட்டியில்தான் அடக்கம் நடந்தது என்று கதை முடியும். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பக்தி என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. குரு போன இடத்தில் மாணவி வந்து நின்றார் என்பதை ஊர் எப்படிப் புரிந்துகொண்டது என்பது மட்டும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

அதன் பிறகு பல வாரங்கள் அவர் தன் நிலையில் இல்லை. 1900-இல் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில், மூன்று மாதமும் பதினெட்டு நாளும் தான் மயக்கத்தில் இருந்ததாகவும், அந்த நாட்களில் செய்தது எதுவும் தனக்கு நினைவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும் என்றும் அவரே கூறியிருக்கிறார். தன்னைப் பற்றிய அற்புதக் கதைகளுக்கு ‘நானே சாட்சி’ என்று அவர் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தெளிந்து எழுந்தபின் வைத்தியம் தொடர்ந்தது. மூலிகையோடு கைதொடுதலும் சேர்ந்தது. மண்ணைத் தன் எச்சிலில் குழைத்துப் பற்றுப் போடுவார். அவர் உடலில் ரோஜா மணம் வீசியது என்று வந்தவர்கள் சொன்னார்கள். சேதி மலைக்கு மலை தாவியது. கழுதையிலும் மாட்டுவண்டியிலும், கட்டிலில் தூக்கியும், நோயாளிகள் ஆயிரக்கணக்கில் கபோராவுக்கு வந்து கூடாரம் போட்டார்கள். தீனிக் கடைகள் முளைத்தன. பண்ணை திருவிழாத் திடல் ஆனது. ‘சாந்தா தே கபோரா’ என்று பெயர் வைத்தார்கள். நம்ம ஊர் சாந்தா இல்லை, ஸ்பானிய மொழியில் ‘புனிதை’ என்று பொருள். இந்தப் பட்டத்தைக் கொடுத்தது திருச்சபை அல்ல, கூடாரத்தில் படுத்திருந்த சனங்கள்.

தந்தை தொமாஸுக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. மகள் பித்துப் பிடித்தவள் என்று பேசப்படுவாளோ என்ற கவலை. பிறகு வந்தவர்களுக்கு மாடு அறுத்துச் சோறு போடும் நிலைக்கு வந்துவிட்டார். தெரேசா யாரிடமும் காசு வாங்கவில்லை. உண்மையிலேயே எல்லாரும் குணமானார்களா? இல்லை, குணமாகாமல் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் டாக்டரே எட்டிப் பார்க்காத ஒரு நிலப்பரப்பில், தங்கள் மொழியில் பேசி, தங்கள் புண்ணைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் முதலாளியின் மகள் என்பதை அந்த மக்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம். இன்றைய மருத்துவமும் நம்பிக்கைக்கும் பரிவுக்கும் வலி தணிக்கும் ஆற்றல் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது.

அரசு ஏன் பயந்தது?

இதைப் புரிந்துகொள்ள அன்றைய சோனோராவைப் பார்க்க வேண்டும். தியாஸ் ஆட்சி 1911 வரை நீடித்தது. ரயில், சுரங்கம், வெளிநாட்டு முதலீடு என்று நாடு முன்னேறுவதாக உலகம் பாராட்டியது. 1882-இல் குவைமாஸிலிருந்து அமெரிக்க எல்லையான நொகாலெஸ் வரை ரயில் ஓடியது. ஆனால் 1883-இல் வந்த ஒரு சட்டம், ‘தரிசு’ நிலத்தை அளக்கும் கம்பெனிகளுக்கு அளந்ததில் மூன்றில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்தது. பட்டா இல்லாத பழங்குடி நிலமெல்லாம் ‘தரிசு’ ஆகிவிட்டது. ஆற்றங்கரைச் செழிப்பு நிலத்தில் காலங்காலமாக வாழ்ந்த யாக்கி, மாயோ மக்கள் ஆயுதம் எடுத்தார்கள். யாக்கித் தலைவர் கஹேமே 1887-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கபோரா இருந்தது யாக்கி ஆற்றுக்கும் மாயோ ஆற்றுக்கும் இடைப்பட்ட சமவெளியில். தோற்றுப்போய், தலைவனையும் இழந்து நின்ற மக்கள் ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்றால் அரசுக்கு நோயாளிகளா தெரிவார்கள்? அடுத்த போராட்டக் கூட்டம்தான் தெரியும். 1890-இல் மாயோ இளைஞன் ஒருவன், பிரளயம் வரப்போகிறது, மலைமேல் ஏறுங்கள் என்று போதிக்க, மக்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடினார்கள். படை வந்து அவனையும் அவன் கூட்டத்தாரையும் பிடித்துக் கடலுக்கு அப்பால் சுரங்க வேலைக்கு அனுப்பியது. அந்தப் போதனைக்கும் தெரேசாவின் பெயர் சேர்த்துப் பேசப்பட்டது.

பாதிரியார்களுக்கும் வருத்தம் இருந்தது. கடவுளிடம் பேச இடையில் குருமார் தேவையில்லை, அன்பு போதும் என்ற தொனியில் தெரேசா பேசியதாகச் சேதி. ஆவியுலக ஆராய்ச்சிக்காரர்களுக்கோ கொண்டாட்டம். அவர்கள் பத்திரிகைகள் அவரைத் ‘தங்கள்’ ஆளாக எழுதின. இப்படி ஆளாளுக்கு ஒரு தெரேசா உருவானார்.

கிழக்கே மலைக்கு அப்பால் சிவாவா மாநிலத்தில் தொமோச்சிக் என்ற சிற்றூர். குரூஸ் சாவெஸ் என்பவர் தலைமையில் அவ்வூர் மக்கள், உள்ளூர் அதிகாரிகளின் அடாவடியால் வெறுத்துப் போய், இனி கடவுளைத் தவிர யாருக்கும் கீழ்ப்படிய மாட்டோம் என்று 1891 டிசம்பரில் அறிவித்தார்கள். (தெரேசாவின் தாயின் குடும்பப் பெயரும் சாவெஸ்தான். உறவு என்று எண்ண வேண்டாம், அங்கே அது பரவலான பெயர்.) படையோடு மோதிவிட்டு, அருள் கேட்கக் கபோராவை நோக்கி மலையிறங்கினார்கள். வழியில் தடுத்த படையையும் தோற்கடித்தார்கள். கபோரா வந்து சேர்ந்தபோது தெரேசா அங்கே இல்லை. வெறும் ஜெபத்தோடு திரும்பிப் போனார்கள்.

1892 மே 15-ஆம் தேதி, சுமார் இருநூறு மாயோக்கள் ‘கபோராவின் புனிதை வாழ்க’ என்று முழங்கியபடி நவொஹோவா நகரைத் தாக்கினார்கள். இத்தோடு அரசின் பொறுமை போயிற்று. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த கைதும் நாடுகடத்தலும் இதற்கு அடுத்த சில நாட்களில் நடந்தவை. அவர் தாக்கச் சொன்னாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. வழக்கே நடத்தவில்லை.

தொமோச்சிக்கின் முடிவு இன்னும் கொடியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அந்த ஊரை வளைத்தார்கள். எதிரே இருந்தது ஏறத்தாழ நூறு ஆண்கள். ஊர் எரிந்தது, கோயில் எரிந்தது. ஆண்களில் அநேகமாக யாரும் மிஞ்சவில்லை. பெண்களும் குழந்தைகளும்தான் எஞ்சினார்கள். அந்தப் படையில் இளம் அதிகாரியாக இருந்த ஹெரிபெர்தோ ஃப்ரியாஸ் மனம் பொறுக்காமல் அதை நாவலாக எழுத, 1893-இல் ஒரு நாளிதழில் பெயர் போடாமல் தொடராக வந்தது. பத்திரிகை மூடப்பட்டது. ஃப்ரியாஸ் ராணுவ விசாரணைக்கு ஆளானார்.

எல்லைக்கு அப்பால்

அரிசோனாவின் நொகாலெஸில் தொடங்கி, தெரேசாவின் மிச்ச வாழ்க்கை முழுதும் அயல்நாட்டில்தான். ஊர் விட்டு வந்து வாழும் நமக்கு அதன் ஒரு பகுதியாவது புரியும். நாம் பிழைப்புக்காக வந்தோம், நினைத்தால் கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய்வரலாம். அவருக்கு அந்த வழியும் இல்லை. நோயாளிகள் மட்டும் எல்லை தாண்டி அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள்.

குடும்ப நண்பர் லாரோ அகிர்ரே, பொறியாளர், பத்திரிகையாளர், தியாஸ் ஆட்சியின் தீராத எதிரி. 1896-இல் அவர் எல் பாஸோ நகரில் பத்திரிகை நடத்தினார். தெரேசாவும் அங்கே குடியேறினார். தொமோச்சிக் படுகொலையைப் பற்றி இருவர் பெயரிலும் ஒரு நூல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் தேதி, ‘தெரேசிஸ்தாக்கள்’ என்று பெயர் பெற்ற ஒரு கூட்டம் மெக்சிகப் பக்கத்து நொகாலெஸில் சுங்கச் சாவடியைத் தாக்கியது. இறந்தவர்களின் சட்டைப் பையில் அகிர்ரேயின் பத்திரிகையும் தெரேசாவின் படமும் கிடைத்தன. தனக்கும் இந்தக் கலகத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரேசா செப்டம்பரில் எல் பாஸோ நாளிதழில் அறிக்கை கொடுத்தார்.

அவருக்குத் தெரிந்தே நடந்ததா, தெரியாமலா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவர் முழு அப்பாவி என்று சொல்லிவிடவும் முடியாது. தொமோச்சிக்கைப் பற்றிய நூலில் பெயர் சேர்த்தவருக்கு அரசியல் தெரியாது என்பது பொருந்தாது. அநியாயத்தை அநியாயம் என்று சொல்வது ஒன்று, ஆயுதம் எடுக்கச் சொல்வது மற்றொன்று. முதலாவதை அவர் செய்தார் என்பதற்குச் சான்று உண்டு. இரண்டாவதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே என் வாசிப்பில் தெரிவது.

எல்லையை ஒட்டி இருப்பது ஆபத்து என்று 1897-இல் குடும்பம் உள்ளே தள்ளி, அரிசோனாவில் கிளிஃப்டன் என்ற செம்புச் சுரங்க ஊருக்குப் போனது. அங்கே சில ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. 1900 ஜூனில் தந்தையின் எதிர்ப்பை மீறி, குவாதலூப்பே ரோத்ரிகெஸ் என்ற சுரங்கத் தொழிலாளியை மணந்தார். மறுநாளே அவன் வெறி பிடித்தவன் போல் நடந்து, தன்னோடு வரச் சொல்லி, அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டான். ஊரார் அவனைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். மணவாழ்க்கை ஒரே நாளில் முடிந்தது. தந்தையோடும் மனக்கசப்பு.

வரத்துக்கு விலை

அந்த மனநிலையில்தான் நோயுற்ற ஒரு குழந்தையைப் பார்க்கக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகருக்குப் போனார். பத்திரிகைகள் மொய்த்தன. ஒரு மருத்துவக் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்து, நகரம் நகரமாகக் கூட்டிப் போய் மக்கள் முன் வைத்தியம் பார்க்கச் செய்தது. செயின்ட் லூயிஸ், நியூயார்க் என்று பயணம் நீண்டது. தெரேசாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நோயாளி சொல்வது அவருக்குப் புரியாது, அவர் சொல்வது நோயாளிக்குப் புரியாது. கபோராவில் பேச்சே பாதி மருந்தாக இருந்தவர் இங்கே மேடைப் பொருளாக நின்றார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று அரிசோனாத் தோழி ஒருவருக்கு எழுத, அவருடைய இளைய மகன் ஜான் வான் ஆர்டர் வந்து சேர்ந்தார். இருவரும் வாழ்க்கைத் துணையானார்கள். 1902-இலும் 1904-இலும் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. அதற்கிடையே 1902 செப்டம்பரில் தந்தை தொமாஸ் கிளிஃப்டனில் காலமானார். தொலைவில் இருந்த மகள் முகம் பார்க்கவில்லை.

கம்பெனி தன்னிடம் வரும் நோயாளிகளிடம் பணம் வசூலித்தது அவருக்குப் பிறகுதான் தெரிய வந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். வீலாவிடம் கற்ற முதல் சட்டமே உடைந்துவிட்டது. கடைசியில் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அந்த ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு நிகழ்ச்சி முக்கியமானது. 1903 ஏப்ரலில் டிராம் தண்டவாளம் பதித்த மெக்சிகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பக்கம் போய் நின்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் வீடு தீப்பிடித்து எரிந்தது.

கையில் இருந்த கொஞ்சம் பணத்தோடு கிளிஃப்டனுக்குத் திரும்பி, ஒரு வீடு கட்டிக்கொண்டு, பழையபடி அக்கம்பக்கத்தாருக்கு வைத்தியம் பார்த்தார். 1906 ஜனவரி 11-ஆம் தேதி நுரையீரல் நோயால் இறந்தார். வயது முப்பத்திரண்டு. தந்தையின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். தியாஸ் ஆட்சியைக் கவிழ்த்த மெக்சிகப் புரட்சி வெடிக்க அப்போது இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

நமக்குச் சொல்வது என்ன?

தெரேசாவின் பதினாறு ஆண்டுப் பொதுவாழ்வைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பக்தர்களுக்கு அவர் புனிதை. அரசுக்குக் கலகக்காரி. பாதிரியார்களுக்கு வழிதவறிய பெண். ஆவியுலகக்காரர்களுக்கு ஊடகம். புரட்சிக்காரர்களுக்குக் கொடி. கம்பெனிக்குச் சரக்கு. இத்தனை பேரும் அவர் பெயரைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அவராகத் தேடிக் கற்ற தொழில் ஒன்றுதான்: நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்ப்பது. பட்டம் எது வந்தாலும் போனாலும், கபோராவிலும் எல் பாஸோவிலும் கடைசியாகக் கிளிஃப்டனிலும் அவர் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

‘இதெல்லாம் மூடநம்பிக்கைதானே, இதற்கு ஏன் ஒரு கட்டுரை?’ என்று நம் வீட்டு இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வலிப்புக்கும் காசத்துக்கும் இன்று மருந்து இருக்கிறது, எச்சில் குழைத்த மண்ணைப் புண்ணில் பூச வேண்டாம். ஆனால் வரலாறு படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அத்தனை ஆயிரம் பேர் ஏன் அங்கே போனார்கள்? நிலம் போனவனுக்கு நீதிமன்றம் இல்லை, நோய் வந்தவனுக்கு ஆஸ்பத்திரி இல்லை. இரண்டையும் கொடுக்க வேண்டிய அரசு கொடுக்கவில்லை. காசு கேட்காமல் ஒரு பெண் தன்னால் முடிந்ததைக் கொடுத்தபோது, அந்த ஒப்பீட்டை அரசால் தாங்க முடியவில்லை. பயத்தின் வேர் அங்கேதான் இருந்தது.

தெரேசாவைப் பற்றி வில்லியம் கரி ஹோல்டன் 1978-இல் முழு வாழ்க்கை வரலாறு எழுதினார். தொமோச்சிக் எழுச்சியைப் பற்றிப் பால் வாண்டர்வுட் 1998-இல் விரிவான ஆய்வு நூல் வெளியிட்டார். உர்ரேயா குடும்ப வழியில் வந்த எழுத்தாளர் லூயிஸ் ஆல்பெர்தோ உர்ரேயா பல ஆண்டு உழைப்பில் தெரேசாவின் பண்ணை வாழ்க்கையை ஆங்கில நாவலாக எழுதி 2005-இலும், அயல்நாட்டு வாழ்க்கையை இரண்டாம் நாவலாக 2011-இலும் வெளியிட்டார். இந்த நாவல்களில் கற்பனை உண்டு, தேதிகளுக்கு ஹோல்டனையும் வாண்டர்வுட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் முதலில் 2005-ஆம் ஆண்டு நாவலை எடுத்துப் படிக்கலாம். சவப்பெட்டிக் கதையைவிட, வீலாவோடு ஒரு பெண் செடி பறிக்கப் போகும் பக்கங்களைச் சற்று நிதானமாகப் படிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.